டாக்டரும் மாத்திரையும் இல்லாமல் மன அழுத்தமும் பதற்றமும் குறைய தினமும் என்ன செய்யலாம்?

கேள்வியில் 'டாக்டர் இல்லாமல்' என்று போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். ராத்திரியில் நெஞ்சு படபடக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, கூகுளில் தேடப்போய் பயம் இன்னும் கூடிவிட்டது. உங்கள் நிலைமை ஏறக்குறைய இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். தெரியாதவர்களுக்காக: ஆர்டர் கையில் வந்ததிலிருந்து சரக்கு தூத்துக்குடி போய்ச் சேரும் வரை நடுவில் எது சொதப்பினாலும் முதலில் திட்டு வாங்குகிற ஆள். சாயப்பட்டறையிலிருந்து துணி வரும், ஷேட் ஒத்துப்போகாது. ஷேட் சரியானால் லேபிள் வந்திருக்காது. கப்பலைத் தவறவிட்டால் ஏர் ஷிப்மென்ட். ஒரு பனியனில் கிடைக்கிற லாபமெல்லாம் அதிலேயே போய்விடும்.

அப்படி ஒரு ஷிப்மென்ட்டுக்கு முந்தின ராத்திரி பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. கையில் இருந்த பேக்கிங் லிஸ்ட் வேர்வையில் நனைந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த பையன்தான் பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

இசிஜி நார்மல். தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி படபடப்பு வருமாம். அதற்கும் டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பிறகுதான் டாக்டர் கேட்டார், "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?"

யார் கணக்கு வைத்தது? எங்கள் ஊரில் டீக்கடைக்குப் பெயரே பேக்கரி, தெருவுக்குத் தெரு இருக்கும். பதினோரு மணி டீ, சாயங்கால டீ, ஒன்றரை ஷிஃப்ட் ஓடினால் இன்னொன்று. சாயப்பட்டறைக்காரர் வந்தால் அவரோடு ஒன்று, 'நாளைக்குக் கட்டாயம் துணி வந்துரும்' என்று அவர் சொல்லிவிட்டுப் போனபிறகு தனியாக ஒன்று.

உடனே 'டீ குடித்தால் பதற்றம் வருமா, என் தாத்தா தொண்ணூறு வயது வரை குடித்தார்' என்று கிளம்பாதீர்கள். டீ மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஏற்கெனவே பயந்து கிடக்கிற உடம்பில் அது நெஞ்சு படபடப்பைக் கூட்டும், தூக்கத்தையும் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் சின்ன விஷயத்துக்கும் கை நடுங்கும். நான் மதியத்துக்கு மேல் டீயை விட்டேன். முதல் வாரம் தலைவலி பிராணனை வாங்கியது, அப்புறம் சரியாகிவிட்டது.

'கண்ணை மூடித் தியானம் பண்ணு' என்றார்கள். கண்ணை மூடினால் எனக்கு ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுப் பையரின் மெயில்தான் தெரிந்தது. தியானத்தைக் குறை சொல்லவில்லை, எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மனசைச் 'சும்மா இரு' என்றால் கேட்காது, உடம்பு கொஞ்சம் சொன்னபடி கேட்கும். மூச்சை நாலு எண்ணி இழுத்து, எட்டு எண்ணி மெதுவாக விடுவேன். வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைச் சற்று மட்டுப்படுத்தும். மெயில் திறப்பதற்கு முன்னால், ஸீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்து ஸீட்காரருக்குக்கூடத் தெரியாது.

இன்னொன்று, ராத்திரி மெயில். நமக்கு 9 மணி என்றால் கோடையில் நியூயார்க்கில் காலை 11.30, அப்போதுதான் அங்கே இருக்கிற பையர்களுக்கு வேலை சூடுபிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவேன். ஆபீஸிலிருந்து கிளம்புவதற்கு முன்பே ஒரு பழைய டைரியில் மண்டையைக் குடைகிற எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் நாளைக் காலை யாருக்குப் போன் போட வேண்டும் என்று குறித்துவிடுவேன். 'பட்டன் வரவில்லை' என்பது டைரியில் ஒரு வரிதான், ராத்திரி இரண்டு மணிக்குத்தான் அது பூதாகரமாகத் தெரியும்.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மாத்திரை தேவையா இல்லையா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எனக்கு இப்படி ஆனது தெரிந்ததும் கட்டிங் மாஸ்டர் ஒருவர், "என்னப்பா, கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்றார். 1794-ல் தொடங்கி இன்றைக்கும் எத்தனையோ பேரைக் குணப்படுத்துகிற மனநல ஆஸ்பத்திரி, நம் ஆட்களுக்கு அது வெறும் கிண்டல். இந்த வாய்க்குப் பயந்துதான் பாதிப்பேர் டாக்டரிடமே போவதில்லை.

நடக்கச் சொல்லியும் டாக்டர் சொன்னார். எங்கே நடப்பது? எங்கள் ரோட்டில் நடைபாதை முழுக்க டூவீலர், மிச்ச இடத்தில் தள்ளுவண்டி. சரி என்று மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்தேன். ஹவுஸ் ஓனர் அம்மா, "ஏன் கண்ணு, ராத்திரியில மேல என்ன நடமாட்டம்? கீழ தூங்க முடியல" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். இப்போது ஒன்பது மணிக்கே மாடிக் கதவில் பூட்டு தொங்குகிறது. அட்வான்ஸ் வாங்கும்போது 'மாடியும் உங்களுதுதானுங்க' என்று சொன்னதும் இதே அம்மாதான்.