ரோண்டா: பாலத்துக்குக் கீழே இறங்குங்கள்

வணக்கம். மார்ச்சில் மகளோடு ஸ்பெயின் போகிறேன். மலாகாவில் தங்கி, ஒருநாள் காலையில் பஸ் பிடித்து ரோண்டா போய், பாலத்தைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம் என்கிறாள் மகள். அது போதுமா? எனக்கு முழங்கால் வலி உண்டு. பாலத்தைக் கட்டியவர் அதிலிருந்தே விழுந்து இறந்தார் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, நிஜமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தக் கதை பொய். பாலத்தைக் கட்டி முடித்த மார்ட்டின் டி அல்தெவெலா 1802-ல் மலாகாவில் இறந்தார். பாலம் 1793-லேயே முடிந்துவிட்டது. நிஜமான துயரம் அதற்கு முந்தைய பாலத்தில்தான். 1735-ல் ஒரே வளைவாக அவசர அவசரமாகக் கட்டினார்கள், ஆறே வருடத்தில் அது இடிந்து ஐம்பது பேர் வரை செத்துப்போனார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஊரை இரண்டாகப் பிளக்கும் ஆழமான பள்ளத்தின் அடியில், குவாதலெவின் ஆற்றங்கரையிலிருந்தே கல்மேல் கல்லாக 98 மீட்டர் எழுப்ப நாற்பது வருடத்துக்குமேல் ஆனது.

மேலே நின்றால் இது எதுவும் தெரியாது, கடைத்தெருவைக் கடப்பதுபோலக் கடந்துவிடுவீர்கள். பழைய ஊர்ப்பக்கம் மரியா அவுக்சிலியாதோரா சதுக்கத்திலிருந்து ஒரு பாதை இறங்குகிறது. முழுக்க வேண்டாம், பாதியில் நின்றாலே பாலம் அடிமுதல் தெரியும். திரும்பி ஏறும்போது நிதானமாக வாருங்கள்.

ஆனால் நான் போய்வந்த பிறகும் மனதில் நிற்பது பாலமல்ல, லா மினா. 'மூர் அரசன் மாளிகை' (மூர்கள் என்றால் அக்காலத்தில் இந்த ஊரை ஆண்ட முஸ்லிம்கள்) என்று சொல்லும் வீட்டிலிருந்து பாறைக்குள்ளேயே ஆறுவரை குடைந்த படிக்கட்டு அது. குன்றின்மேல் இருப்பவனை எதிரி எளிதில் நெருங்க முடியாது, சரி, குடிக்கத் தண்ணீர்? அடிமைகள் தோல்பைகளில் சுமந்து ஏறினார்கள். 1485 முற்றுகையில் கிறிஸ்தவ அரசான காஸ்தீலின் படை அந்தத் தண்ணீரைத் துண்டித்தது, ஊர் சில நாட்களில் பணிந்தது. அந்த ஈரமான இருட்டில் இறங்கும்போது, சுமந்தவர்களின் கால்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுமார் 200 படிகள், வழுக்கும். உங்களுக்கு வேண்டாம், மகளை அனுப்புங்கள், நீங்கள் மேலே தோட்டத்தில் இருங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஒரு இரவாவது தங்குங்கள். மாலை பஸ்கள் கிளம்பிய பிறகுதான் பாறையிடுக்கில் கூடு வைத்திருக்கும் பறவைகளின் சத்தமே கேட்கும். ஊர் 740 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மலாகா வெயிலை நம்பிவிடாதீர்கள், ஸ்வெட்டர் அவசியம்.