"அப்புறம் என்றால் எப்போது?"

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறான். ஊர் நிலத்தை விற்றபோது தாத்தா அவனுக்கென்று 60,000 ரூபாய் கொடுத்தார். ஐந்து வருடம் டெபாசிட்டில் போட்டால் ஏழு சதவீத வட்டியில் 84,000 ஆகும் என்று சொல்லிப் பார்த்துவிட்டோம். அவனோ இப்போதே போன் வாங்க வேண்டும் என்கிறான். "அப்புறம் அப்புறம் என்றுதான் என் பன்னிரண்டாயிரமும் போனது" என்று சண்டை வேறு. (பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் உறவினர்கள் கொடுத்த பணம் அது. வீட்டு அட்வான்ஸுக்கு எடுத்தோம், திருப்பித் தர முடியவில்லை.) இந்த வயதில் மூளை முதிராததால்தான் இப்படியா? பணத்தை எப்படிக் காப்பாற்றுவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கியமான வரியை அடைப்புக்குறிக்குள் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன்.

முதலில் மூளை. முன்நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசித்து அடக்கி நடத்துகிற பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்கிறது என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் குழுவினர் 10 முதல் 30 வயது வரையிலான 935 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். குறைவாக இருந்தாலும் இப்போதே கிடைத்தால் போதும் என்ற அவசரம், 16 வயதை எட்டாதவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. முன்கூட்டித் திட்டமிடும் திறன் மட்டும் அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டிருந்தது. உங்கள் மகனுக்கு 16 ஆகிவிட்டதால், பழி முழுவதையும் மூளை மேல் போட முடியாது.

பெரியவர்களான நாமும் பெரிய பொறுமைசாலிகள் இல்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பி.எஃப். பிடித்துவிடுகிறார்கள், நகைச்சீட்டில் கட்டிய பணத்தை நடுவில் எடுத்தால் நஷ்டம். இந்தப் பூட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டால் நம் சேமிப்பு என்னவாகும் என்று யோசிக்கவே எனக்குப் பயம்.

இனி அந்த அடைப்புக்குறி. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் 28 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப்பேருக்கு, நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருகிறேன் என்று சொன்னவர் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப்பேருக்கு வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு எல்லோர் முன்பும் ஒரு மிட்டாய்: சாப்பிடாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். ஏமாறாத குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் தாங்கியது 3 நிமிடம். உங்கள் மகன் இந்த இரண்டாவது கூட்டம். அவன் கணக்கில் 84,000 என்பது அப்பா அம்மா தருவதாகச் சொல்லும் தொகை, 60,000தான் பணம்.

அதனால் டெபாசிட் பேச்சை எடுக்குமுன் பழைய 12,000 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வரம்புகள் வங்கிக்கு வங்கி மாறும். கணக்கு அவன் பெயரில், பாஸ்புக் அவன் கையில் இருக்கட்டும்.

அடுத்து, ஐந்து வருடத்தை மறந்துவிடுங்கள். பதினாறு வயதுக்காரனுக்கு அது அவன் ஆயுளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 20,000 ரூபாய்க்குள் ஒரு போன் வாங்கிக்கொள்ளட்டும், மாடலை அவனே தேர்ந்தெடுக்கட்டும். மீதி 40,000 ஒரு வருட டெபாசிட்டில், கல்லூரி லேப்டாப்புக்கு என்று பெயர் சொல்லிப் போடுங்கள். ஏழு சதவீதத்தில் வருடத்துக்கு 2,800 ரூபாய் வட்டி, மாதம் 233. இதற்காக எந்தப் பையனும் காத்திருக்க மாட்டான். டெபாசிட்டை உடைக்காத ஒவ்வொரு மாதமும் உங்கள் பங்காக 300 ரூபாயை அவன் கணக்கில் போடுங்கள்; மாதாமாதம் கண்ணில் படும். வட்டி வருமானம் பெற்றோரில் கூடுதல் வருமானம் உள்ளவரின் வரிக் கணக்கில் சேரும், கணக்குத் தாக்கலின்போது விட்டுவிடாதீர்கள்.

12,000 ரூபாயை மொத்தமாகத் தர முடியாவிட்டால் மாதம் 2,000 வீதம் ஆறு மாதம் தரலாம். தேதியை அவனையே குறிக்கச் சொல்லுங்கள்.