சீட் போஸ்ட் இறங்குகிறதா? இறுக்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

தூத்துக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: இணையத்தில் வாங்கிய கியர் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறேன். புறப்படும்போது சரியாக இருக்கும் சீட், போய்ச் சேர்வதற்குள் இரண்டு விரற்கடை இறங்கிவிடுகிறது. கடையில் பலமுறை இறுக்கியும் பயனில்லை. சீட்டைத் தாங்கும் தண்டைப் பிடிக்கிற கிளாம்ப் வளையத்தின் போல்ட் மரையும் தேய்ந்துவிட்டது. அந்தத் தண்டை, அதாவது சீட் போஸ்ட்டை, பிரேமோடு சேர்த்து வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். பிரேமில் காந்தம் ஒட்டுகிறது, போஸ்ட்டில் ஒட்டவில்லை. வெல்டிங் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. காந்தம் ஒட்டவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் உங்கள் போஸ்ட் அலுமினியம் என்பது ஏறக்குறைய உறுதி. அலுமினியத்தை இரும்போடு சாதாரண ஆர்க் வெல்டிங்கில் இணைக்கவே முடியாது. ஆகவே அந்த மெக்கானிக் போஸ்ட்டை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது அதைக் கழற்றிவிட்டு ஓர் இரும்புக் குழாயைச் செருகிப் பற்றவைக்க நினைக்கிறார். பின்னது நடந்தால் சீட்டின் உயரத்தை இனி மாற்ற முடியாது என்பதோடு, பிரேமின் மெல்லிய சீட் குழாய் சூடேறிய இடத்தில் பலமிழந்து, பின்னொரு நாள் அங்கேயே விரிசல் விடக்கூடும். விற்கப் போனாலும் எடைக்குத்தான் எடுப்பார்கள்.

முதலில் எது நகர்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, கிளாம்ப்பின் மேல் விளிம்பை ஒட்டினாற்போல் போஸ்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டு ஒருமுறை வேலைக்குப் போய் வாருங்கள். டேப் சுருண்டு கீழே தள்ளப்பட்டிருந்தால் போஸ்ட்தான் இறங்குகிறது. டேப் அப்படியே இருந்து சீட்டின் மூக்கு மட்டும் சாய்ந்திருந்தால், கோளாறு சீட்டுக்கு அடியில் உள்ள பிடிப்பானில் இருக்கிறது. அது வேறு வேலை, இங்கே அதற்குள் போகவில்லை.

போஸ்ட்தான் இறங்குகிறது என்றால், இத்தனை முறை இறுக்கியும் நிற்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: போஸ்ட்டின் பருமன் குழாய்க்கு ஏற்றதாக இல்லை. சீட் போஸ்ட்டுகள் 25.4, 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டர் என்று பல அளவுகளில் வருகின்றன, 25இலிருந்து 27.2 வரை 0.2 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாகவே உண்டு. 27.2 போக வேண்டிய குழாயில் 26.8 போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கையால் செருகினாலும் சரியாகப் பொருந்துவதுபோலத்தான் இருக்கும். ஆனால் கிளாம்ப்பை இறுக்கும்போது குழாயின் பிளவுள்ள மேல்வாய் மட்டுமே உள்ளே வளைந்து போஸ்ட்டை ஒரு கோடுபோலப் பிடிக்கும். அந்தப் பிடி உங்கள் எடையையும் சாலைப் பள்ளங்களின் உதறலையும் தாங்காது. இன்னும் இறுக்கினால் போல்ட் செல்லும் கிளாம்ப்பின் இரண்டு காதுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், அதன்பின் செலுத்தும் பலம் முழுவதும் போல்ட்டைத்தான் இழுக்கும். உங்கள் மரை தேய்ந்தது இப்படித்தான் இருக்க வேண்டும். வழக்கமான ஒற்றை போல்ட் கிளாம்ப்புக்கு 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், சிறிய ஆலன் கீயை (அறுகோண முனைச் சாவியை) விரல்களால் திருப்பினாலே அது கிடைத்துவிடும். ஆலன் கீயின் முனையில் குழாய் மாட்டி ஏறி நிற்கிற மெக்கானிக் தனக்கு அடுத்த வேலையை அங்கேயே உண்டாக்கிக்கொள்கிறார்.

போஸ்ட்டை முழுவதும் வெளியே எடுத்தால் அதன் கீழ்ப்பகுதியில் அளவு பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். இல்லையென்றால் அருகிலுள்ள லேத் பட்டறைக்குப் போஸ்ட்டையும் சைக்கிளையும் கொண்டுபோய் வெர்னியர் என்ற நுண் அளவுகோலால் அளந்து தரச் சொல்லுங்கள். போஸ்ட்டின் வெளிவிட்டம், குழாயின் உள்விட்டம் இரண்டும் வேண்டும். உள்விட்டத்தைப் பிளவுள்ள வாயில் அளக்க வேண்டாம், ஏனென்றால் பலமுறை நெரித்த வாய் குறுகிப்போயிருக்கும். வெர்னியரின் தாடை எட்டும் மட்டும் உள்ளே விட்டு இரண்டு மூன்று திசைகளில் அளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு அளவும் ஒத்துப்போனால் உங்களுக்குச் செலவு குறைவு. குழாயின் உட்புறத்தையும் போஸ்ட்டையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, அந்தப் பிசுக்கும் போகும்படி மறுபடி ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கிளாம்ப்பைப் புதிதாக மாற்றுங்கள். மரை போன கிளாம்ப்புக்கு வைத்தியம் கிடையாது. கிளாம்ப்புக்கும் அளவு உண்டு; அது சீட் குழாயின் வெளிவிட்டத்தைப் பொறுத்து 28.6, 31.8, 34.9 என்று வரும், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். இப்போது இருப்பது நெம்புகோல் வைத்த குயிக் ரிலீஸ் என்றால் போல்ட் வகைக்கு மாறிவிடுங்கள்; பிடிப்பு கூடும், ரயில் நிலைய ஸ்டாண்டில் சீட் திருடு போகும் கவலையும் குறையும்.

அளவு ஒத்துப்போகாவிட்டால் சரியான போஸ்ட் வாங்குவதுதான் தீர்வு. குளிர்பானக் கேனை வெட்டிச் சுற்றிச் செருகும் கைவேலையைப் பலர் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை: கேனின் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம், ஒரு சுற்றுச் சுற்றினால் விட்டத்தில் 0.2 கூடும், அதாவது ஓர் அளவு ஏறும். கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர்களில் அவசரத்துக்கு அதைச் செய்துகொள்ளலாம்.

உங்கள் ஊருக்கு அதைச் சொல்ல மாட்டேன், இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். இரும்புக் குழாய்க்குள் அலுமினியம், இரண்டுக்கும் நடுவே உப்புக் காற்றின் ஈரம் என்று மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம்போல் வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரித்ததால் உண்டாகும் வெள்ளைப் பொடி முன்பிருந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், இன்று நிற்காமல் இறங்குகிற போஸ்ட் அடுத்த ஆண்டு எத்தனை பேர் பிடித்துத் திருகினாலும் அசையாமல் போகலாம். மெல்லிய கேன் தகடு இதில் முதலில் அழிந்துவிடும். ஆகவே கடலோரத்தில் இருப்பவர்கள் சரியான அளவுள்ள போஸ்ட்டை, முடிந்தால் இரும்பிலேயே வாங்கிப் போடுவது நல்லது. எடை சற்றுக் கூடும், இரண்டு உலோகங்களின் சண்டை இருக்காது. அலுமினியம்தான் கிடைக்கிறது என்றால் மெல்லிய படலமாகக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். கிரீஸ் தடவினால் வழுக்கிவிடாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள்: அளவு சரியாக இருந்தால் வழுக்காது, அளவு தவறாக இருந்தால் கிரீஸ் இல்லாமலும் இறங்கும். ஐப்பசி மழைக்கு முன்பும் பின்பும் ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். கார்பன் பிரேம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிரீஸ் ஆலோசனை பொருந்தாது.

கடையில் இன்னும் சில யோசனைகள் வரும். போஸ்ட்டை உப்புக் காகிதத்தால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் அது மேலும் மெலியும். குழாயையும் போஸ்ட்டையும் சேர்த்துத் துளையிட்டு போல்ட் செருகுவது, குழாயின் பிளவைச் சுத்தியலால் நெரிப்பது இரண்டுமே பிரேமைக் கெடுப்பவை. இவற்றைவிட மோசமானது, 'பாடி போய்விட்டது, என்னிடம் ஒரு பிரேம் இருக்கிறது, தள்ளுபடியில் தருகிறேன்' என்ற பேச்சு. வெர்னியர் வைத்து அளக்காமல் இதைச் சொல்கிறவரிடம் சைக்கிளை விட்டுவிட்டு வராதீர்கள். புதிய போஸ்ட் நீளமாக இருக்கட்டும். அதில் குறைந்தபட்சம் உள்ளே போக வேண்டிய எல்லைக்கோடு வெளியே தெரியக் கூடாது, அதன் அடிமுனை மேல்குழாய் வந்து சேரும் இடத்துக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும்.

ஒளிப் பிரதிபலிப்பானுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை போடும் நாட்டில், மனிதர் உட்காரும் தண்டின் அளவைப் பெட்டியின்மேல் அச்சிட யாருக்கும் தோன்றவில்லை. பாதி பூட்டிய சைக்கிளை அனுப்பிவிட்டு, மீதியை 'உள்ளூர் மெக்கானிக்கிடம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விற்பனையாளர் கைகழுவுகிறார். உள்ளூர் மெக்கானிக்கிடமோ அளவுக் கருவி இல்லை. அளவு தவறிய போஸ்ட் பெட்டியோடு வந்ததுதான் என்றால் அது விற்றவரின் குறை. வெர்னியர் காட்டும் இரண்டு அளவுகளையும் படமெடுத்து, பில்லோடு இணைத்து, தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதுவரை பழைய கிளாம்ப்பையும் போஸ்ட்டையும் தூக்கி எறிய வேண்டாம், மெக்கானிக்கிடம் கழிவாகவும் கொடுக்க வேண்டாம். உங்கள் சான்று அவைதான்.