நிப்பான் கோப்பைக்கு என்ன வயது?

கேள்வி: நியூஜெர்ஸியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். ரோஜாப்பூ வரைந்து தங்க விளிம்பு போட்ட பீங்கான் கோப்பை, சாஸர், ஒரு பூச்சாடி மூன்றையும் 40 டாலருக்கு வாங்கிவந்தேன். கோப்பையின் அடியிலும் சாடியின் அடியிலும் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட் பெயின்டட் நிப்பான்’ என்றும், சாஸரில் ‘ஜப்பான்’ என்றும் முத்திரை இருக்கிறது. 200 வருஷப் பழசு என்று சொல்லித்தான் விற்றார்கள். என் வீட்டுக்காரரோ, ‘யாரோ குடித்த எச்சில் கோப்பைக்கு இவ்வளவா?’ என்கிறார். இது நிஜமாகவே பழசா? மங்கிப்போன தங்கத்தைப் பளபளப்பாக்க வழி உண்டா? இதுபோல இன்னும் வாங்கிச் சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் தங்கத்தைத் தொடாதீர்கள். வயதை அப்புறம் பேசலாம்.

என்னிடமும் இப்படி ஒரு கோப்பை இருந்தது. வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல விபூதி போட்டுத் துணியால் தேய்த்தேன். கைப்பிடியில் இருந்த தங்கம் விபூதியோடு துணியில் வந்துவிட்டது. இந்தத் தங்கம் பீங்கானுக்குள் இருப்பதில்லை. பாத்திரத்தைச் சுட்டு, கண்ணாடிபோன்ற மெருகு ஏறிய பிறகு, அதன் மேல் வண்ணத்தையும் தங்கத்தையும் பூசிக் குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். மேலாக ஒட்டியிருக்கிற படலம்தான் அது. தேய்ந்தால் தேய்ந்ததுதான். புளி, பாத்திரப் பவுடர், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, விரலாலேயே கழுவுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தங்கம் பொறி கக்கும்.

சரி, வயதுக்கு வருவோம். உங்களுக்குச் சொன்ன 200 வருஷக் கதையை அந்த முத்திரையே பொய்யாக்குகிறது. அமெரிக்காவில் 1890-இல் ஒரு சுங்கவரிச் சட்டம் வந்தது. இறக்குமதியாகும் பொருளில் அது எந்த நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும் என்றது. 1891-இல் இது அமலானதும், ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டைத் தாங்கள் அழைக்கும் பெயரையே ஆங்கில எழுத்தில் போட்டார்கள். அதுதான் ‘நிப்பான்’. முப்பது வருஷம் இப்படியே ஓடியது. 1921-இல் அமெரிக்க சுங்க இலாகா, ‘நிப்பான் என்பது ஆங்கிலச் சொல் இல்லை, ஜப்பான் என்று போடுங்கள்’ என்றது. ஆகவே முத்திரை அசலாக இருந்தால் உங்கள் கோப்பையும் சாடியும் 1891-க்கும் 1921-க்கும் நடுவில் செய்தவை. நூறு வயது தாண்டியாயிற்று, அது போதாதா? சாஸர் அநேகமாக 1921-க்குப் பிந்தியது. யார் வீட்டிலோ பழைய சாஸர் உடைந்து, இது வந்து சேர்ந்திருக்கிறது.

முத்திரையில் ஓர் இலை வளையமும் அதற்குள் ‘எம்’ எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அது மொரிமுரா குடும்பத்தின் எழுத்து. அண்ணனும் தம்பியுமாக 1876-இல் வியாபாரம் தொடங்கி, தம்பி நியூயார்க்கில் கடை போட்டார். பீங்கானில் பூ வரைய ஜப்பானில் ஓவியர்களை வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கருக்கு எந்த ரோஜா பிடிக்கும் என்று நியூயார்க்கில் இருந்து மாதிரிப் படம் போகும், அதைப் பார்த்து அங்கே வரைவார்கள். 1904-இல் நகோயாவை அடுத்த நொரிடாகே கிராமத்தில் தொழிற்சாலையே கட்டினார்கள். இன்றைய நொரிடாகே கம்பெனி அதுதான். இதில் எனக்குப் பிடித்த விஷயம்: இவ்வளவு நுணுக்கமாகப் பூ வரைந்தவர்களுக்கு, வெள்ளையாகத் தட்டையாக ஒரு சாப்பாட்டுத் தட்டைச் சுட்டெடுக்க வருஷக்கணக்கில் ஆனது. முதல் டின்னர் செட் 1914-இல்தான் வந்தது.

போலிகளும் ஏராளம். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் மணற்கடிகாரம்போல ஒன்று இருந்தால் அது பிற்காலப் போலி. அப்புறம் வந்தவர்கள் அசல் முத்திரையையே காப்பியடித்தார்கள், அதனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். போலிகள் பெரும்பாலும் தடித்துக் கனமாக இருக்கும்.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்து ரோஜா இதழைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன பூவென்றால் அச்சடித்த படத்தை ஒட்டியது. தூரிகை அழுத்திய இடத்தில் நிறம் கனத்து, இழுத்துவிட்ட நுனியில் மெலிந்திருந்தால் கையால் வரைந்தது. அச்சுக் கோட்டுக்குள் கையால் வண்ணம் நிரப்பியவையும் உண்டு, அவற்றிலும் ‘ஹேண்ட் பெயின்டட்’ என்றே இருக்கும். சாடியில் கேக் மேல் ஐசிங் பிழிந்ததுபோல வரிகள் புடைத்திருந்தால் அது ‘மொரியாகே’ வேலை. கூழாகக் கரைத்த களிமண்ணைக் குழலில் வைத்துப் பிழிந்து போடுவது. அதன் முனைகள் உதிரும், துணி மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் வாங்கலாமா என்றால், தாராளமாக. ஆனால் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிவிட்டு வாங்குங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. உடைந்து ஒட்டிய பத்துக் கோப்பைகளை வாங்குவதைவிட முழுசாக ஒன்று போதும்.

வீட்டுக்காரரிடம் எச்சில் பற்றி வாதாட வேண்டாம். அந்தக் காலத்து மேல்பூச்சு வண்ணத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், அதில் எதையும் ஊற்றிக் குடிக்காமல் இருப்பதே நல்லது. எலுமிச்சை டீ, மோர் போன்ற புளிப்பெல்லாம் கூடவே கூடாது. அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். என் விபூதிக் கோப்பையில் இப்போது தையல் ஊசிகள் இருக்கின்றன.