பழைய குளியலறையைக் குறைந்த செலவில் புதுப்பித்தல்: கேள்வி பதில்

சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகளில் குளியலறைப் பழுது வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பெரம்பூர்): 1988-இல் கட்டிய வீடு. குளியலறை 5 அடிக்கு 7 அடி. கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன்பு, கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, தரையில் தண்ணீர் வெளியேறும் துளையான நஹானி டிராப்பைத் துணியால் இறுக அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் விட்டுவையுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால், உங்கள் பணத்தின் பெரும்பகுதி தளத்தைப் பிரித்து நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு போடுவதற்கே போக வேண்டும். புது வாஷ்பேசின் ஆசையைத் தள்ளிவையுங்கள். குளித்த பிறகு மட்டும் ஓதம் தெரிந்தால் குற்றம் தரையிலோ கழிவுக் குழாயிலோ இருக்கும். யாரும் குளிக்காத நாளிலும் ஓதம் காயாமல் இருந்தால், சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் வீட்டின் வயதுக்குச் சுவருக்குள் இருப்பது ஜி.ஐ. குழாயாகத்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயாகத்தான் இருக்கும். ஷவரைக் கழற்றி உள்ளே பாருங்கள். அரை அங்குலக் குழாயில் துரு அடுக்கடுக்காகப் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குக்கூட வழி இல்லாத குழாய்களைப் பலமுறை கழற்றியிருக்கிறேன். அதில் எவ்வளவு விலையுயர்ந்த ஷவரை மாட்டினாலும் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். அதனால் முதலில் குழாயைத் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் வகையான சி.பி.வி.சி.க்கு மாற்றுங்கள்.

தரையும் குழாயும் சரியாக இருந்தால், ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிப்பவற்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவற்றின் இடுக்குகளில் உள்ள பழைய வெள்ளை சிமெண்டைச் சுரண்டி எடுத்து எபாக்சி கிரவுட் என்னும் இடுக்கு நிரப்பும் பசையை நிரப்பினாலே அறையின் தோற்றம் மாறிவிடும். மிச்சப் பணத்தில் தண்ணீர் திறக்கும் புதுக் குழாய்கள் (டேப்), எக்ஸாஸ்ட் ஃபேன், அடிப்பக்கம் உளுத்த மரக்கதவுக்குப் பதிலாக ஒரு பி.வி.சி. கதவு என்ற வரிசையில் போகலாம்.

கேள்வி (அம்பத்தூர்): ஆழ்குழாய்த் தண்ணீரால் டைல்ஸ் முழுக்க வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஆசிட் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். ஆசிட் உப்புப் படிவைக் கரைப்பதைப் போலவே இடுக்கிலுள்ள சிமெண்டையும் கரைக்கும். அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். குழாயின் பளபளப்பான முலாமும் போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வெளியாகும். சன்னல் சிறியதாக உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இடுக்குகளை முதலில் தண்ணீரால் நனைத்து, வினிகரில் தோய்த்த துணியைப் படிவின் மேல் சிறிது நேரம் ஒற்றிவைத்து, தேய்த்துக் கழுவுங்கள். ஒரே நாளில் போகாது. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து செய்யுங்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

சுவரில் ஒட்டலாம். தரையில் வேண்டாம் என்பதே என் கருத்து. பசையும் டைலும் சேர்ந்து அரை அங்குலத்துக்குக் குறையாமல் தரையை உயர்த்திவிடும். தண்ணீர் வடிவதற்கான பழைய வாட்டமும் (சரிவும்) கெட்டு, தண்ணீர் வாசலை நோக்கி ஓடத் தொடங்கும்.

கேள்வி (வில்லிவாக்கம்): மேலே சொன்னதை மறுக்கிறேன். நான் கொத்தனார். டைல் மேல் ஒட்டிய டைல் ஓரிரு ஆண்டில் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்தது உண்மை, ஐயா. தொழிலின் தொடக்கத்தில் நான் ஒட்டியவையும் விழுந்தன. என் சொந்தச் செலவில் திரும்ப ஒட்டிக் கொடுத்தேன். அன்று நான் பயன்படுத்தியது சிமெண்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமெண்ட். பழைய டைலின் வழவழப்பான மேற்பரப்பு தண்ணீரை உறிஞ்சாது என்பதால் சிமெண்டுக்கு அங்கே பிடிப்புக் கிடைப்பதில்லை. பாலிமர் கலந்த டைல் பசையின் வேலையே வேறு. பையின் மேல் ஐ.எஸ். 15477 என்ற தர எண் இருக்கிறதா என்றும், டைல் மேல் டைல் ஒட்டுவதற்கு உரிய வகைதானா என்றும் பார்த்து வாங்க வேண்டும். பழைய டைலின் பளபளப்பைக் கிரைண்டரால் கீறிவிட்டு, பல்லுள்ள கரண்டியால் பசையைச் சுவர் முழுக்க இழுத்து ஒட்ட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமுக்கும் பழக்கம் இருக்கிறதே, விழுவதற்கு அதுவே பாதிக் காரணம். உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம் தங்கி, அங்கே தண்ணீர் தேங்குகிறது.

கேள்வி (அதே கொத்தனார்): அடிச்சுவரே ஓதமாக இருந்தால் எந்தப் பசை நிற்கும்?

எதுவும் நிற்காது. அந்த இடத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன்: ஓதச் சுவரில் பழைய டைலையும் பூச்சையும் செங்கல்வரை உடைத்தே ஆக வேண்டும்.

கேள்வி (ஆவடி): மொத்தம் எவ்வளவு ஆகும்?

அளவு தராமல் தொகை கேட்காதீர்கள். 5-க்கு 7 அடி அறைக்குத் தரை 35 சதுர அடி. 7 அடி உயரம்வரை ஒட்டினால், கதவு போகச் சுவர் ஏறத்தாழ 150 சதுர அடி. சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு கூடுதல். உங்கள் பகுதிக் கூலியை இதைக் கொண்டு பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): கழிப்பறைக் கறைக்காவது ஆசிட் ஊற்றலாமா?

அம்பத்தூர்க்காரருக்குச் சொன்னதுதான். வேண்டாம்.

கேள்வி (போரூர்): கீசர் எந்த அளவு வாங்கலாம்? குளியலறைக் கதவு எந்தத் திசையில் இருக்க வேண்டும்?

இரண்டும் என் துறை அல்ல. கீசருக்கு மின்பணியாளரைக் கேளுங்கள். நில இணைப்பை (எர்த்) சோதிக்காமல் மாட்ட விடாதீர்கள்.

கேள்வி (கொளத்தூர்): அம்மாவுக்கு 78 வயது. இந்தியன் கிளாசெட்டை வெஸ்டர்னாக மாற்ற வேண்டும். பணம் குறைவு.

மற்ற எதையும் விட்டுவிட்டு இதை முதலில் செய்யுங்கள். புதுக் கிளாசெட் வாங்கும் முன், டைல் ஒட்டிய சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுவரை உள்ள தூரத்தைப் பிளம்பரை அளக்கச் சொல்லுங்கள்; அந்த அளவு பொருந்தாத கிளாசெட்டை வாங்கிவிட்டால் தளத்தை மறுபடி உடைக்க நேரும். தரைக்குச் சொரசொரப்பான டைல் போடுங்கள். கிளாசெட்டின் பக்கச் சுவரில், தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். அதன் திருகாணி டைலையும் பூச்சையும் தாண்டிச் செங்கலுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். பொருத்தி முடித்ததும் நீங்களே உங்கள் முழு எடையையும் போட்டு அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகு அம்மாவை உள்ளே அனுப்புங்கள்.