கால்வாயைப் பிடியுங்கள்

வேலூர் கணியம்பாடி பக்கம் உங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலைக் கொல்லையை மனை போடுகிறார்கள், ஏரிக்கால்வாயையும் மண்ணடித்து மூடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனசு பதறிவிட்டது. 2021 நவம்பர் மழையில், இப்படி மூடிய கால்வாயின் தண்ணீர் எங்கள் அடுப்படிக்குள் வந்து அரிசிப் பானையைப் புரட்டிவிட்டது.

பசுமை போகிறது என்று மட்டும் மனு எழுதினால் நிற்காது. பட்டா நிலம் மனை போடுகிறவருடையது. கால்வாய்ப் புறம்போக்கு, அதாவது அரசு நிலம், அவருடையது இல்லை. அதைப் பிடியுங்கள். அ-பதிவேடும் (ஊர் நில விவரப் பதிவேடு) புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுத்து, கால்வாயின் புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மண் கொட்டிய இடத்தைத் தேதியோடு படம் எடுங்கள். அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தெருக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.