பழைய புல்லட்டுக்கு மின்மோட்டார்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா ஓட்டிய 1972 புல்லட். எஞ்சினை இறக்கிவிட்டு பேட்டரியில் ஓட்ட ஆசை. ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? (முத்தியால்பேட்டை)

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். போடுகிற கிட் (மோட்டார், பேட்டரி அடங்கிய மாற்றுத் தொகுப்பு) ஏ.ஐ.எஸ்.-123 என்ற வாகனத் தரச் சோதனையில் தேறி, உங்கள் மாடலுக்குச் சான்று பெற்றிருக்க வேண்டும். பட்டறையில் உதிரியாக வாங்கிக் கோத்தது ஆர்.சி.யில் ஏறாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும்.

இன்னொன்று. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி ‘வி.ஏ.’ வின்டேஜ் எண் வாங்கலாம். எஞ்சினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும். உங்கள் எஞ்சின் ஓடுகிறதென்றால் தொடாதீர்கள். எஞ்சின் செத்த பழைய ராஜ்தூத் பைக் ஏதாவது கிடைத்தால் அதில் கை வையுங்கள்.

கேள்வி: 3 கிலோவாட், 3000 ஆர்.பி.எம். மோட்டாரில் 11 பல் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டு, புல்லட்டின் பின்செயினில் நேராகக் கோத்தோம். எடுப்பே இல்லை. பாலம் ஏறினால், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்துவிடும் கன்ட்ரோலர் சூடாகி நின்றுவிடுகிறது. மோட்டாரைப் பெரிதாக்கணுமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டாம். கோளாறு பல் கணக்கில். பின்னால் 38 பல், முன்னால் 11, விகிதம் 3.45. டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.04 மீட்டர் உருளும். மோட்டார் முழு வேகத்தில் சுற்றினால் வண்டி 106 கி.மீ.யில் போயாக வேண்டும்; 3 கிலோவாட் அதற்குப் போதாது. ஆகவே மோட்டார் எப்போதும் திணறி, மெதுவாகவே சுற்றுகிறது. அந்த நிலையில் இழுவைக்கு ஆம்பியரைத்தான் ஏற்ற முடியும். ஆம்பியர் ஏறினால் சூடு.

பின் ஸ்பிராக்கெட்டைப் பெரிதாக்கலாமே என்றால், பழைய புல்லட்டில் அது பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு. நடுவில் ஒரு தண்டு கொடுங்கள்: மோட்டாரில் 15 பல், தண்டில் 27; தண்டின் மறுமுனையில் 11, அங்கிருந்து பழைய 38. மொத்தம் 6.2. உச்ச வேகம் 60 கி.மீ. அளவில் நிற்கும், பாலமும் ஏறும். தண்டையும் மோட்டாரையும் தாங்கும் தகட்டை எஞ்சின் இருந்த போல்ட் துளைகளிலேயே மாட்டுங்கள். சேசிஸில் வெல்டிங் வேண்டாம். இரண்டு ஸ்பிராக்கெட்டின் முகத்திலும் நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். 2 மி.மீ. விலகினாலே செயின் பல்லை ஒருபக்கமாகத் தின்னும்.

கேள்வி: வீடு தேவனாம்பட்டினம் கடற்கரை. சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார். கிளப்பும்போது சக்கரம் நடுங்குகிறது, நகரவில்லை. தள்ளிவிட்டால் சில நேரம் ஓடுகிறது. (கடலூர்)

பெரும்பாலும், மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாரின் கனெக்டரில் உப்புக்காற்று ஏறியிருக்கும். பிரித்துப் பாருங்கள், கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். சாவியைப் போட்டு, கறுப்பு வயருக்கும் மஞ்சள், பச்சை, நீல மெல்லிய வயர் ஒவ்வொன்றுக்கும் இடையே மல்ட்டிமீட்டர் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மூன்றிலும் 0, 5 வோல்ட் என மாறி மாறி வர வேண்டும். அசையாமல் நிற்கிற வயர்தான் குற்றவாளி. அதன் ஊசியை மாற்றி வாஸ்லின் தடவுங்கள். பேட்டரி வயர் முனையில் மாட்டும் லக்குகள் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: ஓடிச் சூடான ஹப்பைத் தேங்கிய தண்ணீரில் இறக்கினால், உள்காற்று சுருங்கி அச்சில் வயர் நுழையும் துளை வழியே நீரை உறிஞ்சும். அந்தத் துளையை சிலிக்கோன் பசை வைத்து அடையுங்கள்.

கேள்வி: புதுச்சேரி–கடலூர் தினம் போய்வர எவ்வளவு பேட்டரி? (அரியாங்குப்பம்)

24 எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், 40 ஆம்பியர்-மணி: 76.8 வோல்ட், சுமார் 3 யூனிட். நிதானமாக ஓட்டினால் கி.மீ.க்கு 40 வாட்-மணி ஆகும். 15 சதவீதம் மிச்சம் வைத்தால் 65 கி.மீ. ஒருவர் போய்வர தாராளம். சார்ஜர் 87.6 வோல்ட், 10 ஆம்பியர். நான்கு மணி நேரம். டி.சி.க்கு (நேர்மின்சாரத்துக்கு) உரிய 125 ஆம்பியர் ஃப்யூஸைப் பேட்டரி பாசிட்டிவ் முனையை ஒட்டியே வையுங்கள். நெகட்டிவை சேசிஸில் இணைக்காதீர்கள்.

கேள்வி: ராஜ்தூத்தின் பழைய ஹாரனும் பல்புகளும் வேலை செய்யுமா? (பாகூர்)

அவை 6 வோல்ட். பேட்டரி வோல்ட்டைக் குறைத்து விளக்குகளுக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டர் தருவது 12. பல்பு, ஹாரன், ஃப்ளாஷர் எல்லாம் மாற்ற வேண்டும். ஹெட்லைட் கிண்ணம் அப்படியே இருக்கலாம்.